டிரக்கியாஸ்டமி டியூப்புடன் குழந்தையை வீட்டில் பராமரிப்பது: பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

மூச்சுப்பாதை குறுகிப்போனதாலோ, தசை நோயாலோ, நீண்ட நாள் வென்டிலேட்டரில் இருந்ததாலோ கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழலுக்குள் டியூப் (டிரக்கியாஸ்டமி டியூப்) பொருத்தப்பட்ட குழந்தையை, இன்னும் சில வாரங்களில் வீட்டுக்கு அழைத்துச் செல்லவிருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். குழந்தைகள் வார்டில் பெற்றோருக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்து வருபவள் என்ற முறையில், புதியவர்களின் கை எந்தெந்த இடத்தில் தடுமாறுகிறது என்பதை அருகிலிருந்து பார்த்து, அதற்கேற்பவே படிகளை வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

இதைப் படிப்பது பயிற்சிக்கு மாற்றாகாது. ஒவ்வொரு படியையும் நர்ஸ் அல்லது மருத்துவர் அருகில் நிற்க, உங்கள் கையால் செய்து பழகிய பிறகே வீட்டில் செய்ய வேண்டும். உங்கள் மருத்துவமனை எழுதித் தரும் அளவோ இடைவெளியோ இங்குள்ளதிலிருந்து மாறுபட்டால், அவர்கள் எழுதித் தந்ததையே பின்பற்றுங்கள். ஏனெனில் அது உங்கள் குழந்தையின் மூச்சுப்பாதையைப் பார்த்தவர்கள் எழுதியது.

ஒன்றை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பெற்றோர் பெரும்பாலும் அந்த டியூப்பைத் தொடவே அஞ்சுகிறார்கள். ஆனால் வீட்டில் உயிருக்கு ஆபத்து வரும் முக்கியமான வழிகளில் ஒன்று, அடைத்துக்கொண்ட டியூப்பைக் கழற்றத் தயங்கி நிற்பது. கீழே உள்ள பயிற்சி முழுவதும் அந்தத் தயக்கத்தைப் போக்குவதற்காகவே.

1. டிஸ்சார்ஜ் பேச்சு எழும் முன் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை

மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: டியூப் வெளியே வந்துவிட்டால், மூக்கு வாய் வழியாக என் குழந்தையால் மூச்சுவிட முடியுமா? தசை பலவீனத்துக்காக டியூப் வைக்கப்பட்ட குழந்தைக்கு மேல்வழி திறந்திருக்கலாம். குரல்வளைக்குக் கீழே பாதை சுருங்கிப்போன குழந்தைக்கு மேலிருந்து காற்றே இறங்காமல் இருக்கலாம். அவசரத்தில் முகத்தில் மாஸ்க் வைத்துக் காற்றுத் தருவதா, கழுத்துத் துளை வழியாகத் தருவதா என்பது இந்த ஒரு பதிலைப் பொறுத்தது. பல பெற்றோர் டிஸ்சார்ஜ் வரை இதைக் கேட்பதே இல்லை.

அடுத்து டியூப்பின் விவரம்: கம்பெனி, மில்லிமீட்டரில் உள் அளவு, கஃப் (டியூப்பைச் சுற்றி ஊதும் சிறு பலூன்) உள்ளதா இல்லாததா, பச்சிளங்குழந்தை வகையா குழந்தை வகையா. கடைசி விவரத்தில்தான் தவறு அதிகம் நேர்கிறது. 3.5 என்ற ஒரே அளவில் இரண்டு வகையும் கிடைக்கும். உள் அகலம் ஒன்றாக இருந்தாலும் நீளம் வேறுபடும். நீளம் குறைந்த டியூப் எளிதில் நழுவி வெளியே வந்துவிடும். அதிகமானால் அதன் நுனி, மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் உரசும். கடைக்குப் போகும்போது எண்ணை மட்டும் சொல்லாமல், பழைய டியூப்பின் உறையையும் எடுத்துச் செல்லுங்கள்.

சக்ஷன் (சளியை உறிஞ்சி எடுத்தல்) செய்யும் மெல்லிய குழாயான கெத்தீட்டரின் எண், அதைச் செலுத்த வேண்டிய ஆழம், டியூப்பை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது, இரவில் யாரை அழைப்பது ஆகியவற்றையும் சேர்த்து ஒரே அட்டையில் எழுதி, லேமினேட் செய்து இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று கட்டிலுக்கு மேலே சுவரிலும், மற்றொன்று அவசரப் பையிலும் இருக்கட்டும். பதற்றத்தில் நினைவு கைவிட்டாலும் எழுத்து கைவிடாது.

2. இரண்டாவது ஆளை முடிவு செய்தல்

அம்மா மட்டும் கற்றுக்கொண்டால் போதும் என்ற எண்ணத்தை வார்டிலேயே விட்டுவிட வேண்டும். டியூப் மாற்றுவதற்கு இரண்டு பேர் தேவை. அதோடு, கற்றவர் ஒருவரே என்றால் அவர் குளிக்கப் போகும் பத்து நிமிடம்கூடக் குழந்தைக்குப் பாதுகாப்பில்லை.

அந்த இரண்டாவது ஆள் பகலில் வீட்டில் இருப்பவராக இருக்க வேண்டும். அப்பா வெளியூரில் வேலை பார்ப்பவராக இருந்து, பயிற்சிக்கு அவர் மட்டும் லீவு போட்டு வந்து கற்றுவிட்டுத் திரும்பினால், வீட்டில் அம்மா மறுபடியும் தனிதான். பாட்டி, சித்தி, அத்தை, அருகில் வசிக்கும் நெருங்கிய பக்கத்து வீட்டுக்காரர் என யார் நாள் முழுதும் கூப்பிடும் தூரத்தில் இருப்பாரோ, அவரை அழைத்து வாருங்கள். படிப்பறிவு இதற்குத் தடையல்ல. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள் பிறரைவிட நிதானமான கையோடு சக்ஷன் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

3. முதலில் அவசரகாலப் பயிற்சி

வழக்கமாக சக்ஷன், சுத்தம், டியூப் மாற்றம், அவசரநிலை என்ற வரிசையில் கற்றுக்கொடுப்பார்கள். அவசரநிலையை முதலில் கேட்டுப் பெறுங்கள் என்பது என் கருத்து. சக்ஷனைத் தினமும் பலமுறை செய்வதால் கை தானாகவே பழகிவிடும். டியூப் அடைபடும் நிலை வார்டில் உங்கள் கண்முன் வராமலே போகலாம், முதன்முதலாக வீட்டில் நள்ளிரவில் வரலாம். ஆகவே பொம்மையை வைத்து, யோசிக்காமல் கை நகரும் வரை பழக வேண்டும்.

அறிகுறிகள் இவை: மூச்சில் விசில் போன்ற சத்தம், அல்லது டியூப்பில் காற்று வரும் சத்தமே இல்லாமை, மூக்குத் துவாரம் விரிதல், விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்குதல், காரணமில்லாத பரபரப்பு, நெற்றி வியர்வை. நீலம் பாய்வதை நம் நிறக் குழந்தைகளிடம் கன்னத்தில் தேடக் கூடாது. உதட்டின் உட்புறத்தையும் நாக்கையும் பாருங்கள்.

அறிகுறி தெரிந்தவுடன் உரக்க ஆள் கூப்பிடுங்கள். டியூப்பின் வாயில் செயற்கை மூக்கோ (காற்றை ஈரமாக்கும் சிறு ஃபில்டர்) பேச்சு வால்வோ (குரல் வர உதவும் மூடி) மாட்டியிருந்தால் கழற்றுங்கள். சில நேரம் அதில் படிந்த சளியே அடைப்பாக இருக்கும். அடுத்து ஒருமுறை சக்ஷன் செய்யுங்கள்.

கெத்தீட்டர் தடையின்றி இறங்கி, சளி வந்து, குழந்தை தெளிந்தால் பிரச்சினை தீர்ந்தது. கெத்தீட்டர் இறங்கவில்லை என்றாலோ, இறங்கியும் குழந்தை தெளியவில்லை என்றாலோ, அந்த நொடியே கழுத்துப் பட்டையை வெட்டி டியூப்பைக் கழற்றிப் புதியதைப் போடுங்கள். இங்கேதான் எல்லோரும் நிற்கிறார்கள். இன்னொருமுறை சக்ஷன் செய்து பார்க்கலாம், டாக்டருக்கு போன் போட்டுக் கேட்கலாம் என்று நேரம் போய்விடுகிறது. அடைத்த டியூப், டியூப் இல்லாததைவிட மோசமானது. அதைக் கழற்றினால் துளை வழியாகவாவது கொஞ்சம் காற்று போகும்.

அதே அளவு டியூப் நுழையவில்லை என்றால், கழுத்து நீளும்படி தோளுக்கடியில் சுருட்டிய துண்டைச் சரிசெய்துவிட்டு, அரை மில்லிமீட்டர் சிறிய டியூப்பைப் (3.5 என்றால் 3.0) போடுங்கள். அதுவும் நுழையாவிட்டால், சக்ஷன் கெத்தீட்டரைச் சிறிய டியூப்புக்குள் கோத்து, கெத்தீட்டர் நுனியை முதலில் துளைக்குள் சிறிது தூரம் செலுத்தி, அதன்மேல் டியூப்பை வழுக்கி இறக்குங்கள். எந்த நிலையிலும் பலம் கொடுத்துத் திணிக்கக் கூடாது; டியூப் மூச்சுக்குழலுக்குள் போகாமல் அதற்கு முன்னால் உள்ள சதைக்குள் தவறான பாதை போட்டுவிடும்.

குழந்தை மூச்சுவிடவில்லை என்றால் ஆம்பு பேக்கை (கையால் அழுத்திக் காற்றுத் தரும் பை) டியூப்பில் மாட்டி, மார்பு எழும் அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். டியூப்பே போட முடியாத நிலையில், மேல்வழி திறந்திருக்கும் குழந்தைக்குக் கழுத்துத் துளையை விரலால் மூடிக்கொண்டு முகத்தில் மாஸ்க் வைத்துக் கொடுங்கள். மேல்வழி மூடிய குழந்தைக்குச் சிறிய வட்ட மாஸ்க்கைக் கழுத்துத் துளைமேல் வைத்தோ, உங்கள் வாயைத் துளையில் வைத்தோ கொடுங்கள். அசைவும் மூச்சும் இல்லையெனில் மார்பு அழுத்தம் தொடங்க வேண்டும். தனியாள் என்றால் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில், மார்பின் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு. இதைக் கட்டாயம் பொம்மையில் செய்து காட்டிப் பழகுங்கள்.

இரண்டாவது ஆள் இதற்குள் 108ஐ அழைத்து, “தொண்டையில் டியூப் உள்ள குழந்தை, மூச்சு அடைக்கிறது” என்று இதே சொற்களில் சொல்ல வேண்டும். ஆம்புலன்ஸ் வந்தாலும் உங்கள் பை உங்களோடு வரட்டும். உங்கள் குழந்தையின் அளவு டியூப் அவர்களிடம் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

4. பொருட்களை வாங்கும் வரிசை

குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று எதையும் தள்ளிவைக்காதீர்கள். சக்ஷன் மெஷினை முதலில் வாங்கி, அதையே வார்டுக்குக் கொண்டுவந்து பயிற்சி எடுப்பது நல்லது. வார்டின் சுவரில் உள்ள சக்ஷனில் பழகிய கை, வீட்டு மெஷினின் சத்தத்துக்கும் இழுவைக்கும் மறுபடி பழக வேண்டியிருக்கும்.

மெஷினில் அழுத்தம் காட்டும் மீட்டரும், உள்ளேயே பேட்டரியும் இருக்கட்டும். மின்சாரம் போய் பேட்டரியும் தீர்ந்தால் உதவ, காலால் மிதிக்கும் சக்ஷன் பம்ப் ஒன்று வேண்டும். அதுவும் கைக்கெட்டாதபோது, 50 மி.லி. சிரிஞ்சின் முனையில் கெத்தீட்டரை மாட்டி இழுக்கலாம். இது கடைசி வழி என்றாலும் பழகி வைத்துக்கொள்ளுங்கள்.

அவசரப் பையில் இருக்க வேண்டியவை: அதே அளவு டியூப் ஒன்று, அரை மில்லிமீட்டர் சிறியது ஒன்று, இரண்டிலும் அப்டுரேட்டர் கம்பியும் (டியூப்பை உள்ளே வழிநடத்தும், நுனி மழுங்கிய கம்பி) பட்டையும் கோத்த நிலையில், முனை மழுங்கிய கத்தரிக்கோல், தண்ணீரில் கரையும் ஜெல்லி, கெத்தீட்டர்கள், சலைன் (மருத்துவ உப்பு நீர்), நூல் பிரியாத காஸ் துணி, சுருட்டிய துண்டு, மாஸ்க்குகளுடன் ஆம்பு பேக், டார்ச், விவர அட்டை. வாசலைத் தாண்டினால் இந்தப் பையும் குழந்தையும் சேர்ந்தே போக வேண்டும். எதிர்வீட்டுக்குப் போனாலும் விதிவிலக்கில்லை. பஸ்ஸில் பையைப் பரணில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பல வீடுகளில் பையிலிருந்து ஒரு கெத்தீட்டரை “இப்போதைக்கு” எடுத்துப் பயன்படுத்திவிட்டுத் திரும்ப வைக்க மறந்துவிடுகிறார்கள். தினசரிப் பயன்பாட்டுக்கு வேறு பெட்டி வைத்துக்கொண்டு, பையை நாள்தோறும் காலையில் ஒருமுறை திறந்து சரிபாருங்கள்.

5. சக்ஷன் செய்யும் முறை

நேரம் வைத்துச் செய்வதைவிட, தேவை பார்த்துச் செய்வதே முறை. களகளவென்ற சத்தம், டியூப் வாயில் தெரியும் சளி, மூச்சு வேகம் கூடுதல், இருமியும் வெளியே வராத சளி ஆகியவை தேவையின் அடையாளங்கள். தூங்கி எழுந்தவுடனும், பால் கொடுக்கும் முன்பும், படுக்கும் முன்பும் பார்த்துவிடுவது நல்லது. உணவு கொடுத்த கையோடு செய்தால் இருமலில் வாந்தி வரலாம் என்பதால் முன்னதாகவே முடித்துவிட வேண்டும்.

கெத்தீட்டர் எண்ணுக்கு எளிய கணக்கு, டியூப்பின் உள் அளவை இரண்டால் பெருக்குவது: 3.0 டியூப்புக்கு 6, 4.0 டியூப்புக்கு 8, 5.0 டியூப்புக்கு 10. அதற்கு மேல் பருமனான கெத்தீட்டர் போட்டால், இழுக்கும் நேரம் முழுவதும் குழந்தைக்குக் காற்று போக இடமிருக்காது.

ஆழத்தை வெளியே வைத்தே அளக்க வேண்டும். குழந்தையின் டியூப்போடு அளவும் வகையும் ஒத்த உதிரி டியூப்பில், நர்ஸ் முன்னிலையில் கெத்தீட்டரை விட்டு, அதன் பக்கத் துளைகள் டியூப்பின் மறுமுனையில் எட்டிப் பார்க்கும் இடத்தில், அதாவது அரை சென்டிமீட்டருக்கு மிகாமல் நிறுத்தி, நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘தடை தட்டும்வரை விடு’ என்ற பழைய முறையில், ஒவ்வொரு முறையும் நுனி மூச்சுக்குழலின் மெல்லிய சவ்வில் இடித்து இடித்துப் புண்ணாக்கும். அந்தப் புண்ணில் சதை வளர்ந்து பாதையை அடைக்கும்.

சோப்புப் போட்டுக் கை கழுவி, மெஷினைப் போட்டு, ரப்பர் குழாயின் முனையைக் கட்டைவிரலால் மூடி மீட்டரைப் பாருங்கள். சிறு குழந்தைகளுக்கு 80 முதல் 100 மி.மீ. பாதரச அளவு போதும். கெட்டிச் சளி வரவில்லையென்று அழுத்தத்தைக் கூட்டினால் சளிக்குப் பதில் இரத்தம்தான் வரும். கெட்டிச் சளிக்கு மருந்து ஈரப்பதம், அது அடுத்த படியில் வருகிறது.

உள்ளே போகும் பகுதியில் விரல் படாமல் கெத்தீட்டரைப் பிடித்து, குறித்த ஆழம் வரை செலுத்தி, கெத்தீட்டரின் வெளிமுனையில் உள்ள விரல் துளையை மூடி, விரல்களுக்கிடையே மெல்ல உருட்டியபடி வெளியே எடுங்கள். உள்ளே விட்டு எடுப்பது 5 முதல் 10 நொடிக்குள் முடிய வேண்டும். நீங்களும் கூடவே மூச்சை அடக்கிக்கொண்டால், உங்களுக்கு முட்டும் முன்பே குழந்தைக்கு முட்டியிருக்கும் என்பது புரியும். மறுமுறை விடும் முன் குழந்தை சில மூச்சுகள் விட்டுத் தெளியட்டும்.

டியூப்பை முடித்த பிறகு அதே கெத்தீட்டரால் வாய், மூக்கைச் சுத்தம் செய்யலாம். வாய்க்குள் போன கெத்தீட்டர் திரும்ப டியூப்புக்குள் போகவே கூடாது. வாயின் கிருமி நேரே நுரையீரலுக்குப் போய்விடும். ஒவ்வொரு முறையும் டியூப்புக்குள் சலைன் சொட்டுவிட்டு இழுக்கும் பழக்கமும் தேவையில்லாதது. மருத்துவர் சொன்னால் மட்டுமே அதைச் செய்ய வேண்டும்.

கெத்தீட்டர் ஒருமுறை பயன்படுத்தி எறிவதற்காகச் செய்யப்பட்டது. செலவு தாங்காமல் திரும்பப் பயன்படுத்தும் நிலை இருந்தால் மறைக்காமல் வார்டில் சொல்லி, எப்படிச் சுத்தம் செய்வது, எத்தனை மணி நேரத்தில் எறிவது என்று எழுதி வாங்குங்கள். முடிந்ததும் கொதித்து ஆறிய தண்ணீரை இழுத்துக் குழாயை அலசிவிட்டு, சளி சேரும் ஜாடியைத் தினமும் காலி செய்து சோப்பு நீரில் கழுவிக் காயவைக்க வேண்டும்.

6. ஈரப்பதம்

நம் மூக்கு காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, வடிகட்டி அனுப்புகிறது. டியூப் உள்ள குழந்தைக்குக் காற்று மூக்கைத் தொடாமலே நுரையீரலுக்குப் போவதால் சளி காய்ந்து கெட்டியாகி, டியூப்பின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு பாதையைச் சுருக்குகிறது. ஆகவே டியூப் அடைப்பைத் தடுக்கும் வேலை இங்கிருந்தே தொடங்குகிறது.

டியூப்பின் வாயில் மாட்டும் செயற்கை மூக்கை மருத்துவர் சொன்ன நேரமெல்லாம் போட்டு வையுங்கள். தினமும் ஒருமுறையும், சளி பட்டால் உடனேயும் மாற்றுங்கள். அதைத் தண்ணீரில் கழுவி மறுபடி போடக் கூடாது. ஊறிய ஃபில்டர் வழியே காற்று போகாது. நெபுலைசர் வைக்கும்போது அதைக் கழற்றிவிட வேண்டும். குழந்தைக்கு நாளுக்கு எவ்வளவு நீர் தேவை என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பால் சரியாகக் குடிக்காத நாள்களிலும் வயிற்றுப்போக்கு வந்த நாள்களிலும் சளி சட்டென்று கெட்டியாகிவிடும். ஏ.சி. அறையும் காற்றைக் காயவைக்கும். கோடையில் மின்விசிறி நேரே கழுத்தில் அடிக்காமல் கட்டிலைத் திருப்பிப் போடுங்கள்.

7. கழுத்துப் பட்டையும் தோலும்

பட்டை மாற்றும்போது டியூப்பின் இறக்கைகளை (கழுத்தில் படியும் இருபக்கத் தகடுகள்) ஒருவர் விரலால் பிடித்தபடியே இருக்க வேண்டும். மற்றவர் பட்டையைக் கழற்றி, துடைத்து, புதியதைக் கட்டி முடித்து, “விடலாம்” என்று சொல்லும்வரை அந்த விரல் எடுபடக் கூடாது. குழந்தையின் ஒரே ஓர் இருமலுக்கு டியூப் வெளியே பறந்துவிடும்.

இறுக்கம் பார்ப்பதில் புதியவர்கள் தவறுவது, குழந்தை மல்லாந்து படுத்திருக்கும்போது பார்ப்பதால். படுத்த நிலையில் சரியாக இருக்கும் பட்டை, தலை முன்னால் குனிந்ததும் தளர்ந்துவிடும். குழந்தையை உட்காரவைத்து, தாடையை மார்பை நோக்கிக் குனியவைத்து, பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு விரல் மட்டும் நுழைகிறதா என்று பாருங்கள். இரண்டு விரல் நுழைந்தால் டியூப் வெளிவரும்; ஒரு விரலும் நுழையாவிட்டால் தோல் புண்ணாகும்.

இறக்கைக்கு அடியில் உள்ள தோலைத் தினமும் ஒருமுறையாவது சலைனோ, கொதித்து ஆறிய நீரோ தொட்ட காஸால் துடைத்து, ஈரமில்லாமல் ஒற்றி எடுங்கள். பஞ்சு வேண்டாம், கத்தரிக்கோலால் வெட்டிய காஸும் வேண்டாம். இழையும் நூலும் பிரிந்து துளைக்குள் போய்விடும். மஞ்சள், பவுடர், தேங்காய் எண்ணெய் எதையும் அந்த இடத்தில் தடவக் கூடாது. தாயத்தும் கறுப்புக் கயிறும் கட்ட வீட்டுப் பெரியவர்கள் விரும்பினால், கழுத்தைத் தவிர்த்து இடுப்பிலோ கையிலோ கட்டச் சொல்லுங்கள். அவசரத்தில் கத்தரிக்கோல் பட்டையைத்தான் வெட்ட வேண்டும். இடையில் வேறு கயிறு இருந்தால் கை தடுமாறும்.

8. டியூப் மாற்றுதல்

அறுவை முடிந்து சுமார் ஒரு வாரத்தில் வரும் முதல் மாற்றத்தை அறுவை மருத்துவரே செய்வார். அதற்குள் துளையின் பாதை உறுதிப்பட்டிருக்காது. பெற்றோரின் பயிற்சி அதற்குப் பிறகே. பி.வி.சி. டியூப்பைப் பெரும்பாலும் வாரம் ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். சிலிக்கோன் டியூப் இன்னும் அதிக நாள் இருக்கலாம்.

பால் கொடுக்கும் முன்போ, கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்தோ, பகல் வெளிச்சத்தில், இரண்டாவது ஆள் அருகில் இருக்கும்போது செய்யுங்கள். முதலில் புதிய டியூப்பைத் திறந்து, விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, அப்டுரேட்டரைச் செருகி, ஒரு பக்கம் பட்டையைக் கோத்து, நுனியில் துளி ஜெல்லி தடவி, உறையின் மேலேயே வையுங்கள். வாஸ்லீன் கூடாது, அது எண்ணெய்ப் பொருள், நுரையீரலுக்குள் போனால் கரையாது. சிறிய அளவு டியூப்பும் பக்கத்தில் திறக்கத் தயாராக இருக்கட்டும். இவை அனைத்தும் முடியும்வரை குழந்தையின் பட்டையில் கை வைக்கக் கூடாது. அவசரப்பட்டுப் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதன் உறையைக் கிழிக்கப் போராடும் காட்சியை வார்டில் அடிக்கடி பார்க்கலாம்.

குழந்தையைப் போர்வையால் கைகளோடு சுற்றி, தோளுக்கடியில் சுருட்டிய துண்டை வைத்தால் கழுத்து நீண்டு துளை தெளிவாகத் தெரியும். சக்ஷன் செய்யுங்கள். உதவியாளர் டியூப்பைப் பிடித்துக்கொண்டு பட்டையைக் கழற்றி, நீங்கள் சொன்னவுடன் பழையதை அதன் வளைவின் போக்கிலேயே வெளியே எடுக்க வேண்டும். நீங்கள் உடனே புதியதை, முதலில் பின்பக்கமாகவும் பிறகு கீழ்நோக்கியும் வளைத்து இறக்க வேண்டும். இறங்கிய மறுகணம் அப்டுரேட்டரை உருவிவிடுங்கள். அது உள்ளே இருக்கும்வரை குழந்தைக்கு மூச்சு இல்லை. ‘உள்ளே போய்விட்டது’ என்ற நிம்மதியில் இதை மறப்பவர்கள் உண்டு.

டியூப்பின் வாயில் உங்கள் புறங்கையை வைத்துக் காற்றை உணருங்கள். மார்பின் இரண்டு பக்கமும் சமமாக எழுகிறதா, முகநிறம் சரியா என்று பார்த்த பிறகே பட்டையைக் கட்டுங்கள். கழற்றிய டியூப்பைத் தூக்கி எறியும் முன் உள்ளே எட்டிப் பாருங்கள். சுவரில் கெட்டிச் சளி படிந்திருந்தால் ஈரப்பதம் போதவில்லை என்று அர்த்தம். அடுத்த மாற்றத்தை முன்கூட்டியே செய்வது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

9. வார்டிலேயே ஒரு முழு நாள்

வீட்டுக்குப் போகும் முன், குறைந்தது ஒரு பகலும் ஓர் இரவும் நர்ஸின் கை படாமல் நீங்கள் இருவரே முழுப் பொறுப்பேற்றுப் பார்க்க அனுமதி கேளுங்கள். தூக்கக் கலக்கத்தில் கை எப்படி வேலை செய்கிறது என்பது பகல் பயிற்சியில் தெரியவே தெரியாது. எந்தப் பொருள் எந்தப் பக்கம் இருந்தால் எழுந்தவுடன் எட்டும் என்பதும் அந்த இரவில்தான் புரியும். இருவரும் தனித்தனியே டியூப் மாற்றிக் காட்டாமல் டிஸ்சார்ஜுக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பதை நான் வலியுறுத்திச் சொல்வேன். படுக்கை தேவைப்படுகிறது என்று அவசரப்படுத்தினாலும், இதைத் தயக்கமின்றிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

10. வீட்டைத் தயார் செய்தல்

புகை எதுவும் கூடாது. குளிப்பாட்டியதும் குழந்தைக்குச் சாம்பிராணி காட்டுவது நம் வீடுகளில் அன்போடு செய்யப்படுவது என்பதால், பாட்டியிடம் காரணத்தோடு சொல்லிப் புரியவையுங்கள்: அந்தப் புகையை வடிகட்ட மூக்கு இப்போது வேலையில் இல்லை. ஊதுவத்தி, கற்பூரம், கொசுவத்திச் சுருள், பீடி சிகரெட், மிளகாய் வறுக்கும் நெடி எல்லாமே இதில் அடங்கும். கொசுவுக்கு வலை கட்டுங்கள். பவுடர், மணல், உதிரும் பஞ்சு பொம்மை, சின்னஞ்சிறு மணிகள் குழந்தைக்கு அருகில் வேண்டாம்.

சேலைத் தூளியில் போட வேண்டாம். தூளியில் குழந்தையின் தாடை மார்பில் கவிந்து டியூப்பின் வாயை மூடும். துணி இருபுறமும் மறைப்பதால் முகமும் தெரியாது. தட்டையான படுக்கையே சரி.

குளியலுக்கு ஆழமில்லாத தண்ணீர் போதும். தலைக்கு ஊற்றும்போது ஒருவர் பிடித்துப் பின்னால் சாய்க்க, மற்றவர் நெற்றியிலிருந்து பின்னோக்கி ஊற்ற வேண்டும். காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் முறையையும், மூக்கிலும் தொண்டையிலும் எண்ணெய் விடுவதையும் அறவே நிறுத்துங்கள். நுரையீரலுக்குள் போன எண்ணெய், எளிதில் ஆறாத நிமோனியாவை உண்டாக்கும்.

மெஷினுக்கும் ஒரு விளக்குக்குமாவது இன்வெர்ட்டர் இணைப்பு இருக்கட்டும். முதல் வாரத்திலேயே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் குழந்தையோடு ஒருமுறை போய், அட்டையைக் காட்டி அறிமுகம் செய்துகொள்ளுங்கள். அவசரமாக ஓடும் நாளில் தொடக்கத்திலிருந்து விளக்கிக்கொண்டிருக்க முடியாது. டூவீலரில் ஓட்டுபவர் மட்டும் குழந்தையோடு போவதைத் தவிருங்கள். குழந்தையின் கழுத்தைப் பார்க்க ஒரு ஜோடிக் கண் தேவை.

11. இரவும், அழுகைச் சத்தமும்

டியூப் வழியாகக் காற்று வெளியேறிவிடுவதால் குழந்தை அழுதாலும் பெரும்பாலும் சத்தம் வராது. கண்ணீரோடு வாய் மட்டும் அசைவதை முதன்முதலாகப் பார்க்கும் தாய்மார்கள் உடைந்துபோகிறார்கள். குழந்தையின் அழுகை தன்னை எழுப்பும் என்று நம்பித் தூங்குவது இனி இயலாது என்பதையும் அப்போதே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மருத்துவர் சொன்னபடி இரவில் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை மாட்டி, அலாரம் எந்த எண்ணில் ஒலிக்க வேண்டும் என்பதை அவரிடமே கேட்டு அமைத்துக்கொள்ளுங்கள். விரலில் மாட்டும் சிறிய கருவி சோதிக்கும் நேரத்துக்கு மட்டுமே பயன்படும். இரவுக் காவலுக்கு அலாரத்தோடு தொடர்ந்து அளக்கும் கருவி தேவை. இதோடு குழந்தையின் காலில் சலங்கை வைத்த கொலுசு போடுவதைப் பல குடும்பங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். புரண்டு உதைக்கும்போது அந்த ஒலி கேட்கும், குழந்தையும் விரைவில் அதை வைத்து ஆளைக் கூப்பிடப் பழகிக்கொள்ளும். ஆனால் அலாரத்துக்கு அது ஈடாகாது. மூச்சுத் திணறித் துவண்ட குழந்தை கால் உதைக்காது. இரவைப் பெற்றோர் இருவரும் முன்பாதி, பின்பாதி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

12. மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரம்

சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலும், நாற்றம் எடுத்தாலும், வழக்கத்தைவிட அடிக்கடி சக்ஷன் தேவைப்பட்டாலும், காய்ச்சல் வந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். சக்ஷனில் பாலோ சோறோ வந்தால், விழுங்குவது நுரையீரலுக்குள் போகிறது. வாய்வழி உணவை நிறுத்திவிட்டு உடனே கேளுங்கள். துளையைச் சுற்றிச் சிவந்த சதை வளர்வது, டியூப் மாற்றும்போது வரவர இறுக்கமாக உணர்வது ஆகியவற்றையும் அடுத்த செக்கப் வரை தள்ளிப்போடாதீர்கள்.

சக்ஷனுக்குப் பின் சளியில் ஓரிரு கோடு இரத்தம் தெரிந்தால், ஆழத்தையும் அழுத்தத்தையும் சரிபார்த்து, மருத்துவருக்குத் தெரிவியுங்கள். புதிய சிவப்பு இரத்தம் டியூப்பிலிருந்து பெருகி வந்தால், அளவு கொஞ்சம்தான் என்று தோன்றினாலும் 108ஐ அழைக்க வேண்டும். அது தானாக நின்றுவிட்டாலும் போய்க் காட்டியே ஆக வேண்டும். பெரிய இரத்தக்கசிவுக்கு முன் சிறிய கசிவு வந்து நிற்பதுண்டு.

ஒவ்வொரு செக்கப்பின்போதும் குழந்தையின் எடையைச் சொல்லி, டியூப் அளவு இன்னும் பொருந்துகிறதா என்று கேளுங்கள். அளவு மாறிய நாளிலேயே கெத்தீட்டர் எண்ணும் ஆழமும் மாறும். இரண்டு அட்டைகளையும் அன்றே புதிதாக எழுதி, அவசரப் பையிலுள்ள பழைய அளவு டியூப்புகளையும் மாற்றிவிடுங்கள்.